லட்சத்துக்கு ஆறு குறைவு

முன்னொரு காலத்தில், எந்தக் காரியமானாலும் எண்ணிக்கையைக் கேட்டுவிட்டுத்தான் அது நல்லதா கெட்டதா என்று முடிவு செய்யும் ராஜா ஒருவர் இருந்தார். சூரகேசரி என்று பெயர். இலையில் எத்தனை கறி என்று கேட்காமல் சாப்பிட உட்கார மாட்டார். புலவர் யாராவது வந்தால் பாட்டு எப்படி என்று கேட்க மாட்டார், எத்தனை பாட்டு என்று கேட்பார். நூறு என்றால் மாலை போடுவார். பத்து என்றால் மோர் கொடுத்து அனுப்பிவிடுவார். மற்றபடி தங்கமான மனுஷர்.

ஓர் ஐப்பசி மழைக்குப் பின்னால் அந்தத் தலைநகரில் குளிர்காய்ச்சல் வந்தது. வந்தவரைப் படுக்கப் போட்டு, உதறி எடுத்து, கவனிக்க ஆள் இல்லாவிட்டால் கொண்டுபோயும் விட்டது. வேளைக்குக் கஞ்சியும் கஷாயமும் கிடைத்தவர்கள் பெரும்பாலும் எழுந்து உட்கார்ந்தார்கள். அதனால் ராஜா ஒரு நல்ல உத்தரவு போட்டார். வைத்தியர் நாடி பார்த்து, காய்ச்சல் உண்டு என்று சொன்ன வீட்டுக்கெல்லாம் அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து கஞ்சியும் நிலவேம்புக் கஷாயமும் போய்ச் சேர வேண்டும். அதோடு அவர் நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

பக்கத்து ராஜ்யத்துத் தூதன் ஒருவன் வந்தான். வந்த காரியத்தைச் சொல்லிவிட்டுப் பேச்சுவாக்கில், “எங்கள் அரசர் இதுவரை பத்தாயிரம் நாடி பார்க்கச் செய்துவிட்டார்” என்றான். சூரகேசரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தலைமை வைத்தியர் பூதலிங்கரைக் கூப்பிட்டனுப்பினார்.

“வைத்தியரே, வருகிற பௌர்ணமிக்குள் நம் நகரத்தில் ஒரு லட்சம் நாடி பார்த்தாக வேண்டும்.”

“மகாராஜா, நகரத்தில் இருப்பதே முப்பதாயிரம் பேர்தானே” என்று இழுத்தார் பூதலிங்கர்.

“அது உம்முடைய கஷ்டம்” என்றார் ராஜா.

வெளியே வந்த பூதலிங்கரை மந்திரி கயிலாயர் தூண் மறைவுக்கு அழைத்துப் போனார். கயிலாயர் எந்தக் கஷ்டத்தையும் கண்டு கலங்காதவர், அது மற்றவருடைய கஷ்டமாக இருக்கும் வரைக்கும்.

“ஒரு கையில் எத்தனை நாடி ஐயா?”

“வாதம், பித்தம், கபம் என்று மூன்று.”

“ஒரு ஆளுக்குக் கை எத்தனை?”

“இரண்டு.”

“அப்புறம் என்ன?” என்றார் கயிலாயர்.

முப்பதாயிரம் பேர் நின்ற நிலையில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆனார்கள். பூதலிங்கருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனாலும் இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. நாடி பார்க்க வேண்டுமானால் ஆளைத் தொட வேண்டும். காய்ச்சல் உள்ளவரைத் தொட்டால் தமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பூதலிங்கருக்கு நடுக்கம். அதற்கும் அரண்மனையிலேயே வழி இருந்தது. அந்தப்புரத்து ராணிகளை வைத்தியர் தொடக் கூடாது. ராணியின் மணிக்கட்டில் ஒரு நூலைக் கட்டி, திரைக்கு இந்தப் பக்கம் நின்று நுனியைப் பிடித்து நாடி சொல்வது வழக்கம். அந்த ராஜ மரியாதையைப் பூதலிங்கர் தாராள மனதோடு ஊர் ஜனங்களுக்கும் கொடுத்தார். தெருமுனையில் நின்றுகொண்டு நூல் உருண்டையை உள்ளே உருட்டிவிடுவார். ஜனங்கள் அதைக் கையில் சுற்றி அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும், அவர்கள் அதற்கு அடுத்த வீட்டுக்கு. கடைசி வீடு வரை நூல் போனதும், இந்தப் பக்கத்து நுனியை நாக்கில் நனைத்து, விரலில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, “தெரு முழுக்கத் திவ்யம்!” என்பார். நூலை அறுத்துப் போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார்.

அப்படி அழுத்திப் பிடித்த விரலில் துடிப்பது பிடித்தவருடைய சொந்த நாடிதான் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பூதலிங்கர் பாலும் நெய்யுமாகச் சாப்பிடுகிறவர், நல்ல ஆரோக்கியசாலி. ஆகவே ஊரும் ஆரோக்கியமாக இருந்தது. தினமும் சாயங்காலம் முரசு அறைந்து, “இன்று பார்த்த நாடி எண்ணாயிரம்! காய்ச்சல் இல்லை!” என்று சொன்னார்கள். காய்ச்சலோடு படுத்திருந்தவர்களும் அதைப் படுத்தபடியே கேட்டார்கள்.

அந்த அரண்மனையில் சித்தாண்டி என்று ஒரு விகடகவி இருந்தான். தறி நெய்கிற குடும்பத்தில் பிறந்து, வாய்த் துடுக்கினால் சபைக்கு வந்து சேர்ந்தவன். ராஜாவுக்கு அவன்மேல் பிரியம். அதனாலேயே கயிலாயருக்கு அவனைக் கண்டால் ஆகாது. சித்தாண்டிக்கு இந்த உலகத்தில் உறவு என்று சொல்ல ஒரே ஓர் அக்கா, மருதாயி. தறிக்காரத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தாய் இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். நாலு நாளாக அவளிடமிருந்து ஒரு சேதியும் இல்லாமல் போகவே, அவன் தெருமுனையில் போய் நின்று குரல் கொடுத்தான். மருதாயி வாசலுக்கு வந்தாள். கிட்டே வர வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

“என்னக்கா இப்படி இளைச்சுப்போயிட்டே?”

“எனக்கு ஒண்ணும் இல்லடா. உங்க மச்சான் படுத்துட்டாரு. பிள்ளைங்க ரெண்டும் அனலாக் கொதிக்குதுங்க. வீட்டுல ஒரு மணி அரிசி கிடையாது. தறி நின்னு பத்து நாளாச்சு.”

“அரண்மனைக் கஞ்சி வரலியா?”

“எப்படி வரும்? எங்க தெருவுல காய்ச்சலே இல்லன்னு முரசு அடிச்சுட்டாங்களே. நூல உள்ள விட்டாங்க. நாங்களும் சுத்திக்கிட்டோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் அங்கமுத்து அன்னிக்குக் காலையிலதான் கண்ண மூடியிருந்தாரு, அப்ப இன்னும் எடுக்கல. இதுவும் ஏதோ சடங்குன்னு நெனச்சு அவரு வீட்டுப் பாட்டி அவரு கையிலயும் ஒரு சுத்து சுத்துச்சு. எல்லாருக்கும் திவ்யம்னு சொல்லிட்டு வைத்தியரு போயிட்டாரு.”

“செத்தவருக்குமா?”

“அவருக்கும் சேர்த்துத்தான். சின்னது ராத்திரி முழுக்கக் கஞ்சி கஞ்சின்னு அனத்துதுடா தம்பி. ராஜாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?”

ஊரைச் சிரிக்க வைத்துச் சம்பளம் வாங்குகிறவன், தெருமுனையில் நின்று மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தன் மடியிலிருந்த அவலை வாசலில் வைத்துவிட்டு நேராகச் சபைக்குப் போனான்.

சபையில் ராஜா மலர்ந்த முகத்தோடு இருந்தார். கணக்கு தொண்ணூறாயிரத்தைத் தாண்டியிருந்தது.

“மகாராஜா, அந்தக் கணக்கு தவறு” என்றான் சித்தாண்டி. “தறிக்காரத் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். இறந்துபோன ஒருவருக்கும் நாடி நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.”

ராஜாவின் முகம் வாடியது. பிரியமான ஆளே ஆனாலும், லட்சத்துக்கு இவ்வளவு கிட்டே வந்த பிறகு யார் இப்படிச் சொன்னாலும் அவருக்குப் பிடிக்காது. கயிலாயருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? எழுந்து நின்று கைகட்டினார்.

“மகாராஜா, முரசு அறைந்து சொன்ன கணக்கு தங்கள் கணக்கு. விகடகவி தங்களையே தவறு என்கிறார். இவர் பேச்சைக் கேட்டு வைத்தியரைப் பழித்தால் நாளை ஊர் முழுக்க வதந்தி. வைத்தியரே தம் வாயால் தவறு என்று ஒப்புக்கொண்டால் ஏற்போம். இல்லாவிட்டால் இவர் நாட்டை விட்டுப் போகட்டும். வதந்தி கிளப்பிய தெருவையும் வேலி வைத்து அடைத்துவிடலாம்.”

“நல்ல யோசனை” என்றார் ராஜா. “சித்தாண்டி, நாளை மதியத்துக்குள் பூதலிங்கர் இந்தச் சபையில் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். காய்ச்சல்காரர் யாரையும் அரண்மனைக்குள் கொண்டுவரக் கூடாது. வைத்தியரை நீ ஒரு வார்த்தை குறை சொல்லக் கூடாது.”

“புகழலாமா மகாராஜா?”

“தாராளமாகப் புகழலாம்.”

“அது போதும்” என்று வணங்கிவிட்டுப் போனான். பூதலிங்கர் சிரித்தார். எந்த வைத்தியராவது தம் வாயால் தவறு என்று சொல்லி அவர் கேள்விப்பட்டதே இல்லை.

மறுநாள் காலையில் சித்தாண்டி மறுபடியும் தெருமுனையில் நின்றான்.

“அக்கா, வைத்தியர் அறுத்துப் போட்டுட்டுப் போனாரே, அந்த நூல் எங்கே?”

“கொடியில காயுது. நூல வீணாக்க முடியுமா? உலையில போட்டு, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, நல்லா கொதிக்க வச்சுத்தான் எடுத்தேன். ஏன்டா, அதுக்கும் கணக்கு கேக்குறாங்களா?”

“ஆமாக்கா. இப்பதான் கேக்கப் போறாங்க” என்று உருண்டையை வாங்கிக்கொண்டு போனான்.

அவன் சபைக்குள் நுழைந்தபோது அன்றைய கணக்கைக் கயிலாயர் வாசித்து முடித்திருந்தார். தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு.

“ஆறு குறைகிறதே!” என்று ராஜா கையைப் பிசைந்தார்.

“மகாராஜா, மந்திரியாரின் மதியூகமே மதியூகம்” என்றான் சித்தாண்டி. “ஊரில் இத்தனை பேருக்குப் பார்த்தும், தங்களுக்கு இன்னும் பார்க்கவில்லை. தங்களுக்கு இரண்டு கை, கைக்கு மூன்று நாடி. தங்கள் திருக்கையால் லட்சம் நிறைய வேண்டும் என்றே ஆறு பாக்கி வைத்திருக்கிறார்.”

கயிலாயர் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் சபையில் கிடைத்த புகழை யார் வேண்டாம் என்பார்? தலையை ஆட்டினார். ராஜா சந்தோஷத்தில் சிங்காதனத்தின் விளிம்புக்கே வந்துவிட்டார்.

“வைத்தியரே, உடனே பாரும்!”

“ஊரெல்லாம் தொட்ட கையால் ராஜ கையைத் தொடலாகாது மகாராஜா. நூல் வைத்துப் பார்க்கிறேன்” என்றார் பூதலிங்கர். அவர் ஊரில் ஒருவரையும் தொடவில்லை என்பது வேறு விஷயம்.

“நூல் நான் கொண்டுவந்திருக்கிறேன்” என்றான் சித்தாண்டி. உருண்டையைக் கயிலாயர் கையில் கொடுத்தான். நுனியைப் பூதலிங்கரிடம் கொடுத்தான். மறுநுனியை எடுத்துக்கொண்டு சிங்காதனத்தை நோக்கி நடந்தான். கயிலாயர் பவ்யமாக நூலை விட்டுக்கொண்டே இருந்தார். பூதலிங்கர் வழக்கம்போல நுனியை நாக்கில் நனைத்தார், விரலில் அழுத்தினார், கண்ணை மூடினார்.

“ஆகா! வாதம் அன்னம்போல் நடக்கிறது. பித்தம் ஆமைபோல் ஊர்கிறது. கபம் பாம்புபோல் நெளிகிறது. திவ்யமான நாடி!”

“வைத்தியரே, சித்தாண்டி இன்னும் பாதி வழியில்தான் வருகிறான்” என்றார் ராஜா.

பூதலிங்கர் கண்ணைத் திறக்கவே இல்லை.

“மகாராஜாவின் நாடி மற்றவர் நாடிபோலக் கட்டுவதற்காகக் காத்திருக்குமா? தானே எதிர்கொண்டு வருகிறது.”

“அப்படியா!” என்று ராஜா தம் மணிக்கட்டைப் பெருமையோடு பார்த்துக்கொண்டார். சபையோர் கைதட்டினார்கள். சித்தாண்டியும் நூலைப் பல்லில் கவ்விக்கொண்டு கைதட்டினான். மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவன் சிங்காதனத்துப் படியில் நின்று திரும்பினான்.

“இப்பேர்ப்பட்ட வைத்தியருக்குச் சாதாரண நூலைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை மகாராஜா. அதனால் அவர் திருக்கை பட்ட நூலையே தேடிக் கொண்டுவந்தேன். போன வாரம் அவர் தறிக்காரத் தெருவுக்குள் அனுப்பிய அதே நூல். நாற்பது வீட்டுக் கைகளைச் சுற்றி வந்தது. பெரியவர் அங்கமுத்துவின் கையில் வெகு நேரம் இருந்தது. அத்தனை பேரும் பூரண ஆரோக்கியம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். வைத்தியர் வாக்கு பொய்க்குமா? ராஜ கைக்கு இதைவிட உத்தமமான நூல் இந்த ராஜ்யத்தில் கிடையாது.”

பூதலிங்கர் கண்ணைத் திறந்தார். விரலைப் பார்த்தார். நாக்கை வாய்க்குள் எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். நூலை விட்டால் கணக்கு போயிற்று, பிடித்திருந்தால் உயிர் போயிற்று என்று அவருக்குத் தோன்றியது. நெற்றியிலிருந்து வியர்வை இறங்கியது. கயிலாயர் கையிலிருந்த உருண்டை அவரை அறியாமலே தரையில் விழுந்து உருண்டது. அவர் கையை அங்கவஸ்திரத்தில் துடைத்தார். பிறகு அங்கவஸ்திரத்தைப் பார்த்தார். அதையும் கீழே போட்டார்.

“வைத்தியரே, நூல் என்ன இப்படி உதறுகிறது?” என்றார் ராஜா. “என் நாடியா இது?”

“கட்டட்டுமா மகாராஜா?” என்றான் சித்தாண்டி.

“கட்டு, கட்டு. ஆரோக்கியமான தெருதானே.” ராஜா கையை நீட்டினார். பயமென்பது அவருக்குக் கொஞ்சமும் இல்லை. முரசை முழுமனதோடு நம்பியவர் அந்தச் சபையில் அவர் ஒருவர்தான்.

சித்தாண்டி நூலை ராஜாவின் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

“கட்டாதே!” என்று அலறினார் பூதலிங்கர். அவரையும் முழுக்கக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. “கையை எடுங்கள் மகாராஜா! அந்தத் தெரு முழுக்கக் காய்ச்சல்! வீட்டுக்கு வீடு காய்ச்சல்! யாராவது வெந்நீர் கொண்டுவாருங்கள், வாய் கொப்பளிக்க வேண்டும்!”

ராஜா நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்தார்.

“காய்ச்சல் இல்லை என்று சொன்னீரே?”

“நான் உள்ளே போகவில்லை மகாராஜா.”

“அப்படியானால் நூலில் துடித்தது?”

“என்னுடைய நாடி.”

“ஒரு லட்சமும் உம்முடைய நாடியா?”

பூதலிங்கர் தலை கவிழ்ந்தது. “ஒரு லட்சமும்தான் மகாராஜா. ஆறு குறைவாக.”

“பயப்பட வேண்டாம் மகாராஜா” என்று சித்தாண்டி நூலை அவிழ்த்தான். “என் அக்கா இந்த நூலை மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறாள். வைத்தியரைப் புகழும் அவசரத்தில் அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.”

ராஜா ஒரு கணம் கோபப்படலாமா என்று யோசித்தார். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. “ஒரே மனுஷருக்கு லட்சம் தடவை நாடி பார்த்திருக்கிறோம்! பக்கத்து ராஜ்யத்தில் இப்படி ஓர் ஆரோக்கியசாலி உண்டா?” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கிரீடம் சரிந்து காதில் நின்றது. அப்புறம் சிரிப்பு மெல்ல அடங்கியது.

“சித்தாண்டி, அந்த அங்கமுத்து எப்படி இருக்கிறார்?”

“வைத்தியர் நூல் விட்ட அன்று காலையிலேயே இறந்துவிட்டார் மகாராஜா.”

ராஜா கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எத்தனை என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு, பூதலிங்கர் இனி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்க் கையைப் பிடித்து நாடி பார்க்க வேண்டும், ஆளை ஆளாகத்தான் எண்ண வேண்டும் என்று உத்தரவிட்டார். கஞ்சிக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு மந்திரியும் கூடவே போக வேண்டும் என்றார்.

“உனக்கு என்ன வேண்டும், கேள்.”

“கஞ்சிதான் வேண்டும் மகாராஜா. தறிக்காரத் தெருவில் ஓர் ஆளை ஆறாக எண்ணியிருக்கிறார்கள். முரசு அறைந்து சொன்ன கணக்கை மீறலாமா? இன்றைக்கு ஒரு நாள் கஞ்சியையும் அதே கணக்கில் ஊற்றச் சொல்லுங்கள்.”

ராஜா மறுபடியும் சிரித்தார். இந்தத் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தம் கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். “ஆளுக்கு ஆறு அகப்பை! கஷாயமும் அப்படியே!” என்றார்.

அன்று மதியம் பூதலிங்கர் தறிக்காரத் தெருவுக்குள் காலை வைத்தார். மருதாயியின் சின்ன மகள் கையைப் பிடித்தார். இத்தனை நாளில் முதல் முறையாக இன்னொருவருடைய நாடி விரலில் தட்டுப்பட்டது. வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. “காய்ச்சல்” என்று மெதுவாகச் சொன்னார். கயிலாயர் அகப்பை அகப்பையாக ஊற்றினார். இருந்த சட்டியெல்லாம் நிறைந்து அண்டாவுக்கு வந்தாயிற்று.

“டேய் தம்பி, இத்தனையையும் யாருடா குடிக்கிறது?” என்று மருதாயி வாசலிலிருந்து கத்தினாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவள் குரல். பின்னால் சின்னது எழுந்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் கேட்டது.

அடுத்த வீட்டில் அங்கமுத்துவின் மனைவி மட்டும் இருந்தாள். கயிலாயர் அவளுக்கு ஆறு அகப்பை ஊற்றிவிட்டு நகரப் பார்த்தார்.

“மந்திரியாரே, இன்னும் ஆறு” என்றான் சித்தாண்டி.

“யாருக்கு?”

“அங்கமுத்துவுக்கு. உங்கள் கணக்கில் அவர் இன்னும் நல்ல ஆரோக்கியமாகத்தானே இருக்கிறார்.”

கயிலாயர் குனிந்து, ஆறு அகப்பையும் ஊற்றினார். கிழவி சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.